காப்பக நாயை வாக்கிங் கூட்டிப்போக: புதிய தன்னார்வலருக்கு ஒரு வழிகாட்டி

காப்பகத்தில் இருக்கும் நாயின் நாள் முழுவதும் கம்பிக்குப் பின்னால்தான் கழிகிறது. சுற்றிலும் ஓயாத குரைப்பு, கழுவிவிட்ட ஈரத் தரை, பினாயில் வாடை. நடுவில் கிடைக்கும் அரை மணி நேர வாக்கிங்கில்தான் அது மண்ணை மோந்து பார்க்கிறது, படுக்கும் இடத்தைவிட்டுத் தள்ளி மூத்திரம் போகிறது, ஒரு மனிதர் பக்கத்தில் பயமில்லாமல் நின்று பழகுகிறது. தத்தெடுக்க வருகிறவர்களும் கயிற்றில் நிதானமாக நடக்கும் நாயைத்தான் தைரியமாகக் கேட்பார்கள். நீங்கள் நடத்திப் பழக்கும் ஒவ்வொரு நாயும் ஒரு வீட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் போகிறது.

புதிதாக வருகிறவர்கள் ரோட்டை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் அதிகமாகத் தப்பு நடப்பது கதவருகில்: கூண்டுக் கதவு, வெளி கேட், திரும்ப உள்ளே விடும் நேரம். நாய் நழுவி ஓடுவதும், பக்கத்துக் கூண்டு நாய் கம்பி வழியே கவ்வுவதும், கழுத்துப் பட்டையை மாட்டும் கையில் பல் படுவதும் அங்கேதான். அதனால் இந்தக் கட்டுரையிலும் கதவுக்குத்தான் அதிக இடம்.

சேருவதற்கு முன்

சென்னையில் 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ், அடையாறு தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில் உள்ள பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் போன்ற பழைய அமைப்புகள் முதல், ஊர் ஊராகத் தனி ஆட்கள் நடத்தும் சிறு காப்பகங்கள் வரை பல இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. சொல்லாமல் போய் நிற்காதீர்கள். முதலில் போன் செய்து கேளுங்கள். நாய்களை நடத்த வெளியாட்களை அனுமதிக்கிறார்களா, வளாகத்துக்குள் மட்டுமா வெளியேயுமா, குறைந்த வயது என்ன, பழக்கிவிடும் நாள் எது? பல இடங்களில் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரும் கூடவே வர வேண்டும்.

எல்லா நாயையும் வெளியே எடுக்க முடியாது. கருத்தடைக்காகத் தெருவிலிருந்து பிடித்து வந்தவை காயம் ஆறியதும் வழக்கமாகப் பிடித்த இடத்திலேயே விடப்படும்; காது நுனியில் போடும் வெட்டு அதன் அடையாளம். அவற்றைக் கயிற்றில் பழக்குவது நம் வேலை அல்ல. டிஸ்டெம்பர், பார்வோ (நாய்க்கு நாய் வேகமாகத் தொற்றும், உயிரைப் பறிக்கும் நோய்கள்) சந்தேகத்தில் தனியாக வைத்திருக்கும் நாய்களின் பக்கமே போகக் கூடாது. நடக்க வேண்டியவை வளாகத்திலேயே தங்கிவிட்டவையும் தத்துக்குக் காத்திருப்பவையும். எந்தக் கூண்டு என்று பராமரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். "அண்ணா, இவனை யார் நடத்தினாங்க? எதுக்கு மிரளுவான்?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தினமும் சோறு வைக்கும் அந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் தெரிந்தது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

பிறந்தநாள் அன்று பத்து பேரோடு வந்து போவதைவிட, ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்கு ஒரே ஆள் வருவது எவ்வளவோ மேல். மூன்றாவது வாரத்திலிருந்து நாய்க்கு உங்கள் வாசனை தெரியும். கூச்சப்படும் நாய்க்கு அதுதான் மருந்து.

ஊசியும் உடையும்

வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசி உண்டு. வழக்கமாக மூன்று தவணை: முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள். வாரந்தோறும் நாய்களோடு இருக்கப் போகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு இதை முடித்துவிட்டு வருவது நல்லது. முன்பே போட்டிருந்தால், பின்னால் கடி பட்டாலும் இரண்டு ஊசியோடு (அன்றும் 3ஆம் நாளும்) முடியும். காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணுக்கால் மூடும் பேன்ட், பின்புறம் மூடிய ஷூ. செருப்பு வேண்டவே வேண்டாம்: நாய் இழுத்ததும் முதலில் கழல்வது அதுதான். துப்பட்டா, தொங்கும் தோடு, கழுத்துச் சங்கிலி, அடையாள அட்டைக் கயிறு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். விளையாட்டுக்காரக் குட்டிக்குத் தொங்குவதெல்லாம் பொம்மை. போனை ஜிப் வைத்த பையில் போட்டுக் கூடவே வைத்திருங்கள், அவசரம் என்றால் மட்டும் வெளியே எடுங்கள். கயிறு கையில் இருக்கும்போது போன் பேசுவது கூடாது.

கயிறும் பட்டையும்

ஐந்து முதல் ஆறு அடி நீளம், ஓர் அங்குல அகலத்தில் நைலான் அல்லது பருத்தி நாடா. இதுதான் சரியான கயிறு. இரும்புச் சங்கிலி கையைக் கிழிக்கும். பட்டனை அழுத்தினால் நீண்டு சுருங்கும் கயிறு காப்பக நாய்க்கு ஆகவே ஆகாது. பதினைந்து அடி தள்ளி ஓடும் நாயை அதனால் நிறுத்த முடியாது, மெல்லிய நூல் காலைச் சுற்றினால் தோல் வெந்ததுபோல் உரியும்.

மாட்டும் முன் கொக்கியை விரலால் இரண்டு முறை திறந்து மூடிப் பாருங்கள். கடற்காற்று அடிக்கும் ஊரில் கொக்கியின் ஸ்பிரிங் துருப்பிடித்து, மூடியதுபோல் தெரியும், மூடியிருக்காது. தையல் பிரிந்த கயிறு என்றால் அன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள்.

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். மூன்று நுழைந்தால் தொளதொளப்பு. நுழைத்துப் பார்த்தால் மட்டும் போதாது; பட்டையைக் காதுப் பக்கமாக மெதுவாக முன்னால் இழுத்துப் பாருங்கள். காதைத் தாண்டுகிறதென்றால், நாய் பயந்து பின்வாங்கும் நொடியில் பட்டை உங்கள் கையிலும் நாய் ரோட்டிலும் இருக்கும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற ஒல்லித் தலை நாய்களிடமும் அவற்றின் கலப்பிலும் இது அடிக்கடி நடக்கும். அவற்றின் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு, சாதாரணப் பட்டை நிற்காது. இழுத்தால் அளவோடு இறுகும் மார்ட்டிங்கேல் பட்டையைக் கேட்டு வாங்குங்கள். அல்லது ஹார்னஸ் (மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் வார்) ஒன்றும் பட்டை ஒன்றுமாக இரண்டிலும் கயிறு மாட்டுங்கள். மிரளும் நாய் எதுவானாலும் இந்த இரட்டை மாட்டல்தான் பாதுகாப்பு.

பட்டையே இல்லாத நாயிடம் போக நேர்ந்தால், கயிற்றின் கொக்கி முனையைக் கைப்பிடி வளையத்துக்குள் விட்டு இழுங்கள். ஒரு சுருக்கு வளையம் கிடைக்கும். கொக்கிப் பக்கத்தைக் கையில் பிடித்து, வளையத்தை அகலமாகத் திறந்து தலை வழியாகப் போடலாம். ரோட்டில் தப்பிய நாயைப் பிடிக்கவும் இதுவே உதவும். நாயைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுவந்ததும் எடுத்துவிடுங்கள், கழுத்தை இறுக்கும்.

கயிற்றைப் பிடிக்கும் முறை: வளையத்துக்குள் கட்டைவிரலை மட்டும் விடுங்கள். மிச்சக் கயிற்றை மடித்து மடித்து உள்ளங்கையில் வைத்து மூடுங்கள். மறு கை ஒரு முழம் கீழே. மணிக்கட்டில் சுற்றிக்கொண்டால் 25 கிலோ நாய் பாயும்போது எலும்போ உங்கள் நிலையோ தாங்காது. விட வேண்டிய நேரத்தில் விடவும் முடியாது.

கூண்டுக் கதவு

நீங்கள் வரிசையில் நுழைந்ததுமே எல்லா நாயும் குரைக்கும். உங்கள் நாயும் குதிக்கும். அவசரப்படாதீர்கள், அந்தக் கூச்சல் இரண்டு மூன்று நிமிடத்தில் தணியும்.

கதவுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். கண்ணைக் குறுகுறுவென்று பார்க்காதீர்கள். நான்கு காலும் தரையில் இருக்கும் ஒரு நொடி வரும். அந்த நொடியில் கதவை உங்கள் உடம்பு நுழையும் அளவு மட்டும் திறந்து, முழங்காலையும் பாதத்தையும் இடைவெளியில் வைத்துப் பக்கவாட்டில் உள்ளே போங்கள். உடனே பின்னால் கதவைத் தாழிடுங்கள். நாயை வாசலில் வைத்துக் கம்பி வழியாகப் பட்டை மாட்ட முயல்வதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு.

உள்ளே போனதும் குனிந்து தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, கையைத் தொடைப் பக்கம் தொங்கவிட்டு, அது வந்து மோக்கட்டும். தாடைக்குக் கீழே, மார்பில் மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். தானாக இன்னும் நெருங்கி வந்தால் சம்மதம். தலையைத் திருப்பிக்கொண்டாலோ உதட்டை நக்கினாலோ கொஞ்சம் பொறுங்கள். கொக்கியை எப்போதும் கழுத்தின் பக்கவாட்டிலிருந்து மாட்டுங்கள். நாய் துள்ளிக்கொண்டே இருந்தால் நான்கைந்து துண்டு தின்பண்டத்தைத் தரையில் இறைத்துவிடுங்கள். தலை கீழே போகும் அந்த நேரத்தில் கொக்கி ஏறிவிடும்.

மாட்டியதும் ஒரு முறை மெதுவாக இழுத்துச் சரிபார்த்து, கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, நீங்கள் முதலில் வெளியே வந்து, நாயைச் சுவர்ப் பக்கமாக நடத்துங்கள். மற்றக் கூண்டுகளுக்கும் நாய்க்கும் நடுவே நீங்கள் இருக்க வேண்டும். எதிரே இன்னொருவர் நாயோடு வந்தால் "நாய் வருது" என்று முன்கூட்டியே குரல் கொடுங்கள். குறுகலான வழியில் ஒரு நேரத்தில் ஒரு நாய்தான். வெளியே இரட்டைக் கேட் இருந்தால் முதலாவதைப் பூட்டிய பிறகே இரண்டாவதைத் தொடுங்கள்.

ஒரே கூண்டில் இரண்டு மூன்று நாய் இருந்தால் முதல் மாதம் நீங்கள் தனியாக உள்ளே போகாதீர்கள். தின்பண்டமும் அங்கே வேண்டாம். ஒரு துண்டுக்காகக் கூடப்பிறந்ததே கடிக்கும்.

ரோட்டில்

முதல் ஐந்து நிமிடம் நாய் போகிற போக்கில் போங்கள். மூத்திரம், மலம், மோப்பம் எல்லாம் முடியட்டும். ஒரு கம்பத்தடியில் இரண்டு நிமிடம் நின்று மோந்தால் இழுக்காதீர்கள். மோப்பம் பிடிக்கும் மூளை களைத்து அடங்குவதுபோல் வெறும் நடையில் அடங்காது. எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பது முக்கியமே இல்லை. நல்ல உடல்நிலையில் உள்ள நாய்க்கு 20 முதல் 30 நிமிடம். கிழட்டு நாய்க்கும் பக் போன்ற சப்பை மூக்குக்கும் பத்து நிமிடமே அதிகம்.

இழுத்தால் நில்லுங்கள். திரும்ப இழுக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். கயிறு தளர்ந்த நொடியில் "நல்ல பையன்" என்று சொல்லி நடையைத் தொடருங்கள். முதல் நாள் இருபது அடி போக பத்து நிமிடம் ஆகலாம். ஒருமுறை இழுத்தாலும் காரியம் நடந்துவிட்டால் நாய் இழுப்பதையே கற்றுக்கொள்ளும், அடுத்த வாரம் வேறு ஒருவர் தோள் வலியோடு வீட்டுக்குப் போவார்.

சில நாய்கள் சந்தோஷம் தாங்காமல் கயிற்றைக் கடித்து உங்கள் மேல் குதிக்கும். கையை உயர்த்தினால் இன்னும் உயரமாகக் குதிக்கும். கயிற்றின் நடுவில் காலை வைத்து, நாய் நிற்க மட்டும் இடம் விட்டு, வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் பாருங்கள். அரை நிமிடத்தில் தணியும்.

தின்பண்டம்: உப்பு, மசாலா, எலும்பு இல்லாமல் வேகவைத்த கோழி 50 கிராம். அரைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கினால் ஒரு நாய்க்கு ஒரு நடைக்குத் தாராளம். வயிறு சரியில்லாத நாய்க்கு அதுவும் கூடாது, பராமரிப்பாளரிடம் கேளுங்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம் சேர்ந்தது எதுவும் விஷம். வழியில் பிரியாணிக் கடைக் குப்பை இருந்தால் அந்தத் தெருவையே தவிருங்கள். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

நாய் சொல்வதைக் கேட்பது

வாலாட்டுவதெல்லாம் நட்பு இல்லை. உடம்பு முழுவதும் வளைந்து நெளிந்து வால் அகலமாக ஆடினால் மகிழ்ச்சி. வால் விறைத்து மேலே நின்று நுனி மட்டும் வேகமாகத் துடித்தால் எச்சரிக்கை. பசியும் தூக்கமும் இல்லாமல் கொட்டாவி, உதடு நக்கல், கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறைபோல் தெரிவது, திடீரென்று சிலைபோல் உறைவது — இதெல்லாம் "தள்ளிப் போ" என்பதன் பல வடிவங்கள். உறுமினால் அடக்காதீர்கள், திட்டாதீர்கள். உறுமல் என்பது நாய் நமக்குத் தரும் அவகாசம். உறுமினால் அடி விழும் என்று கற்ற நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

வழியில் குழந்தைகள் தொட ஓடி வந்தால், உங்கள் உடம்பால் மறைத்து "இவனுக்கு உடம்பு சரியில்ல கண்ணு, இன்னொரு நாள்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி.

தெருநாய்கள்

காப்பகத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு தெருவுக்கும் சொந்தக்கார நாய்கள் இருக்கும். அவை பெரும்பாலும் தங்கள் தெரு முனைவரை குரைத்துக்கொண்டு வந்து நின்றுவிடும். தூரத்தில் பார்த்ததுமே பாதையை மாற்றி, வளைவாகச் சுற்றிப் போங்கள். நேருக்கு நேர் நடப்பது நாய் மொழியில் சவால். கயிற்றை இறுக்கிப் பிடித்து மூச்சைப் பிடித்தால் உங்கள் பயம் கயிறு வழியாக நாய்க்கு இறங்கும்.

கல் எடுப்பதுபோல் குனிவது நம் ஊரில் எல்லாருக்கும் கை வந்த தந்திரம். இங்கே செய்யாதீர்கள். தெருவில் அடிபட்டு வந்த உங்கள் நாயும் அதைப் பார்த்து மிரண்டு பட்டையை உருவும். நாயைப் பின்னால் வைத்து, நீங்கள் முன்னால் நின்று, உள்ளங்கையைக் காட்டி அழுத்தமான குரலில் "போ" என்றால் போதும். மேலும் நெருங்கினால் கையில் உள்ள தின்பண்டத்தை அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் இறையுங்கள். நாயைத் தூக்கிக்கொள்ளக் கூடாது, அவை உங்கள் மேல் தாவும்.

சண்டை மூண்டுவிட்டால் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். வாளித் தண்ணீரை முகத்தில் அடியுங்கள், தகரத்தைத் தட்டுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தொடைப் பக்கம் பிடித்துத் தூக்கி, ஒரே நேரத்தில் பின்னோக்கி வட்டமாக நகருங்கள்.

வெயில், மழை, வெடி

நாய்க்கு நம்மைப்போல் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். புழுக்கம் அதிகமான கடலோர ஊரில் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடும். காலை ஆறிலிருந்து எட்டு, மாலை ஐந்துக்கு மேல். கத்திரி வெயிலில் மாலையிலும் தார் ரோடு கொதிக்கும். புறங்கையை ரோட்டில் ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்தாலும் முடியாது. மண் தரையில் நடத்துங்கள்.

நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நாயின் உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருப்பதுதான் இயல்பு. 104ஐத் தாண்டினால் ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடையிடுக்கு, பாதமெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே டாக்டருக்குச் சொல்லியனுப்புங்கள். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடக் கூடாது. எலி மூத்திரம் கலந்த அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். நாய்க்கும் வரும், உங்கள் காலில் புண் இருந்தால் உங்களுக்கும் வரும். தீபாவளி வாரத்தில் மாலை நடையை நிறுத்திவிடுங்கள். ஒரே ஒரு சரவெடி போதும், ஆறு மாதம் பழகிய நாயும் பட்டையை அறுத்துக்கொண்டு ஓடும்.

நாய் தப்பினால், கடித்தால்

தப்பினால் துரத்தாதீர்கள். துரத்தினால் ஓடும். பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, பார்வையைத் தரையில் வைத்து, தின்பண்டப் பையைச் சலசலவென்று ஆட்டுங்கள். விளையாட்டுக்கார நாயானால் நீங்கள் எதிர்ப்பக்கம் ஓடிப்பாருங்கள், பின்னாலேயே வரும். கண்ணில் படும் தூரத்தில் நின்றபடியே காப்பகத்துக்குப் போன் செய்யுங்கள். திட்டு விழும் என்று தயங்கும் பத்து நிமிடத்தில் நாய் இரண்டு கிலோமீட்டர் போய்விடும்.

கடித்தாலோ, பல் கீறினாலோ, வெட்டுக்காயத்தில் எச்சில் பட்டாலோ உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, முழுசாகப் பதினைந்து. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். பிறகு அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். எந்த நாய், அதற்குக் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாயைப் பத்து நாள் கவனிப்பில் வைக்கச் சொல்லுங்கள். நாய் ஊசி போட்டதுதான் என்று யார் சொன்னாலும், நீங்கள் டாக்டரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

திரும்ப உள்ளே

கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கூண்டைப் பார்த்ததும் சில நாய்கள் காலை ஊன்றிப் படுத்துக்கொள்ளும். இழுத்துப் போடாதீர்கள், ஒரு பிடி தின்பண்டத்தைக் கூண்டின் உள்மூலையில் இறைத்துவிட்டுக் காத்திருங்கள். நாயோடு நீங்களும் உள்ளே போய், கதவைச் சாத்தி, நாய் உங்களைப் பார்த்துத் திரும்பிய பிறகே கொக்கியைக் கழற்றுங்கள். காதுக்குள், விரலிடுக்கில், பட்டைக்கு அடியில் விரலை ஓட்டி உண்ணி பாருங்கள். தண்ணீர்க் கிண்ணம் நிறைந்திருக்கிறதா பாருங்கள். வெளியே வந்து தாழ்ப்பாளை ஆட்டிப் பாருங்கள்.

பிறகு பதிவேடு. "நன்றாக நடந்தான்" என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. "25 நிமிடம். மலம் இளகல், ரத்தம் இல்லை. வலது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். புல்லட் சத்தத்துக்கு மிரண்டான், ஆட்டோவுக்கு இல்லை. தாடி வைத்தவரைப் பார்த்து ஒதுங்கினான், பள்ளிக் குழந்தைகளைப் பார்த்து வாலாட்டினான்" என்று எழுதுங்கள். முதல் வரிகள் டாக்டருக்கு. கடைசி வரி, இந்த நாயை எந்த வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்கிறவருக்கு.

கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் ஊசி முடியாத குட்டி இருந்தால் ஷூவை வாசலிலேயே விடுங்கள். பார்வோ கிருமி மண்ணோடு ஒட்டி வந்து மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஷூ அடியில் உள்ள மண்ணை முதலில் தேய்த்துக் கழுவிவிட்டு, 30 பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பிளீச் கலந்து பத்து நிமிடம் ஊற வையுங்கள். மண் ஒட்டியிருந்தால் பிளீச் வேலை செய்யாது. உடைகளையும் மாற்றிய பிறகு குட்டியைத் தொடுங்கள்.